எந்தப் பாத்தியில் உண்மையாகவே விளைச்சல் அதிகம்? உழவருக்காகக் கணக்குப் போட்ட ரொனால்ட் ஃபிஷர்



ஒரு புதிய ரகமோ, வளர்ச்சி ஊக்கியோ, நுண்ணுயிர் உரமோ ஊருக்குள் வரும்போது அதோடு ஒரு கதையும் வந்துவிடுகிறது. பக்கத்து ஊரில் ஒருவர் போட்டுப் பார்த்தார், ஏக்கருக்கு ஐந்து மூட்டை கூடுதலாகக் கிடைத்தது என்பார்கள். செல்போனில் படமும் காட்டுவார்கள். ஒரு பக்கம் வெளிறிய பயிர், மறுபக்கம் கரும்பச்சைப் பயிர். பார்த்தவுடன் வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கரும்பச்சை மருந்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்பதைப் படம் சொல்லாது.

இதை நானே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் உழவரின் நெல் வயலில் இலைவழித் தெளிப்பு ஒன்றுக்குச் செயல்விளக்கத் திடல் அமைத்தேன். வயலை நடுவில் பிரித்து ஒரு பாதிக்குத் தெளித்தோம், மறுபாதியை அப்படியே விட்டோம். தெளித்த பாதியில் விளைச்சல் நன்றாகவே கூடியது. வயல் விழாவும் நடத்தினோம். அடுத்த பருவத்தில் அந்த உழவர் தன் நான்கு ஏக்கருக்கும் வாங்கித் தெளித்தார். செலவுதான் மிச்சம். பிறகு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் தெளித்த பாதியில் முந்தைய கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அதைக் கேட்காமல் விட்டது என் தவறு. வகுப்பில் படித்த புள்ளியியலை வயலில் இறங்கியபோது மறந்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்தது அவர்.

அப்படிப்பட்ட தவறு நடக்காமல் இருக்க வழி சொன்னவர், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர். இன்று நம் ஆராய்ச்சி நிலையங்களில் புதிய ரகங்களைச் சோதிக்கப் போடும் திடல்களின் அமைப்புக்கு அடிப்படை அவர் வகுத்த விதிகள்தான். அவர் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே, எதை எதோடு ஒப்பிட எந்தக் கணக்கு என்பதையும் சொல்கிறேன்.

கண் பார்வை குறைந்த சிறுவன்

ஃபிஷர் 1890 பிப்ரவரி 17 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை கலைப்பொருட்களை ஏலம் விடும் தொழில் செய்தவர். ஃபிஷருக்கு 14 வயதானபோது தாய் இறந்துபோனார். சில காலத்துக்குள் தந்தையின் தொழிலும் நொடித்தது. படிப்பு உதவித்தொகையால்தான் தொடர்ந்தது.

சிறு வயதிலிருந்தே அவருக்குக் கண் பார்வை மிகக் குறைவு. மின்விளக்கு வெளிச்சத்தில் படிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். அதனால் மாலை நேரத்தில் ஆசிரியர் வாயால் சொல்ல, தாளும் பேனாவும் இல்லாமல் மனதுக்குள்ளேயே கணக்குப் படித்தார். கணக்கை எழுத்தாகப் பார்க்காமல் உருவமாகப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் அவருக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1912-ல் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் சில காலம் கனடாவில் ஒரு பண்ணையில் வேலை செய்தார். 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியது. படையில் சேரப் போனார். கண் பார்வையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிகளில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. 1917-ல் திருமணம் முடிந்தபின் குடும்பத்தோடு ஒரு சிறு பண்ணையும் நடத்தினார். மண்ணில் கை வைத்தால் கணக்கு எவ்வளவு தப்பும் என்பது அவருக்கு அனுபவத்திலும் தெரியும்.

குவிந்து கிடந்த கணக்குப் புத்தகங்கள்

போர் முடிந்த 1919-ல் அவருக்கு இரண்டு வேலை வாய்ப்புகள் வந்தன. ஒன்று, அந்நாளில் புள்ளியியலில் பெரிய பெயராக இருந்த கார்ல் பியர்சனின் லண்டன் ஆய்வகம். இன்னொன்று, லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டன் என்ற ஊரில் உள்ள ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையம். அங்கே கிடைத்தது தற்காலிக வேலைதான். ஃபிஷர் வயலுக்குப் பக்கத்தில் இருந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

ரோதம்ஸ்டெட்டில் பிராட்பால்க் என்று ஒரு கோதுமை வயல் உண்டு. சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை நடத்திய ஜான் லாஸ் என்பவரும் கில்பர்ட் என்ற வேதியியல் அறிஞரும் 1843-ல் அதைத் தொடங்கினார்கள். வயலை நீள நீளப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒரு பட்டைக்குத் தொழு உரம், ஒன்றுக்கு எந்த உரமும் இல்லை, மற்றவற்றுக்கு வெவ்வேறு ரசாயன உரங்கள். அந்தச் சோதனை இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. ஃபிஷர் வந்தபோது 70 ஆண்டுகளுக்கும் மேலான விளைச்சல் கணக்கு அங்கே குவிந்து கிடந்தது. அதிலிருந்து பயனுள்ள செய்தி எதையாவது எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

அவர் உட்கார்ந்து கணக்கை அலசினார். 1921-ல் முடிவுகளை வெளியிட்டார். விளைச்சலில் மூன்று விதமான ஏற்ற இறக்கம் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஆண்டுக்கு ஆண்டு வானிலையால் வருவது ஒன்று. மண் வளம் குறைவதால் மெதுவாக வருவது ஒன்று. பல ஆண்டுகள் நீடித்து, உரத்தாலும் விளக்க முடியாமல், மழையாலும் விளக்க முடியாமல் வந்த மெதுவான மாற்றம் மூன்றாவது. இந்த மூன்றாவதற்குக் களையே முக்கியக் காரணமாக இருக்கும் என்று அவர் கருதினார். முன்பு சிறுவர்களைக் கொண்டு கையால் களை எடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்ததும் கைக்களைக்கு ஆள் குறைந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விளைச்சல் எண் ஒன்றைப் பார்த்தால் அதில் உரம் மட்டும் இல்லை. மழை, மண், களை, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக நிற்கின்றன. உரத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரிக்க வேண்டுமானால், அறுவடைக்குப் பின் யோசித்துப் பயனில்லை. விதைப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும். ஃபிஷர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதைத்தான்.

இரண்டை ஒப்பிட டி சோதனை

இரண்டு பொருளை மட்டும் ஒப்பிடும் கணக்கு ஃபிஷருக்கு முன்பே வந்துவிட்டது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். எந்த பார்லி ரகம் நல்லது என்று சில திடல்களின் விளைச்சலை வைத்து முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு அவருக்கு. ஆயிரம் திடல் போட முடியாது, ஐந்தாறுதான் போட முடியும். அந்தச் சிறிய எண்ணிக்கைக்குப் பொருந்தும் கணக்கை 1908-ல் வெளியிட்டார். ஆலையின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயர் போடாமல், மாணவர் என்று பொருள்படும் புனைபெயரில் எழுதினார். ஃபிஷர் அந்தக் கணக்குக்கு உறுதியான நிரூபணம் கொடுத்து, பல இடங்களில் பயன்படும்படி விரித்தார். இருவரும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள்.

அந்தக் கணக்கின் உள்ளே இருப்பது எளிமையான எண்ணம்தான். நான் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 5 சென்ட் பாத்திகளை அடுத்தடுத்து இரண்டிரண்டாக ஆறு ஜோடி எடுக்கிறீர்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பாத்திக்குப் புதிய மருந்து, மற்றதற்கு இல்லை. அறுவடையில் மருந்து போட்ட பாத்தி ஆறு ஜோடியிலும் முறையே 3, 1, 4, 2, 0, 2 கிலோ கூடுதல். சராசரி 2 கிலோ.

இன்னொரு வயலில் இதே போல் ஆறு ஜோடி. அங்கே 10 கிலோ கூடுதல், 6 கிலோ குறைவு, 8 கூடுதல், 4 குறைவு, 7 கூடுதல், 3 குறைவு. இதற்கும் சராசரி 2 கிலோதான்.

சராசரியை மட்டும் சொன்னால் இரண்டும் ஒன்று. ஆனால் உங்களுக்கே தெரிகிறது, முதல் வயலை நம்பலாம், இரண்டாவதை நம்ப முடியாது. கிடைத்த சராசரி வேறுபாட்டை, அந்த வேறுபாடு ஜோடிக்கு ஜோடி எவ்வளவு ஆடுகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் டி சோதனை. முதல் வயலுக்கு டி மதிப்பு 3.46 வருகிறது. இரண்டாவதற்கு 0.69 வருகிறது. ஆறு ஜோடிக்கு அட்டவணை எல்லை 2.57. அதைத் தாண்டினால் நம்பலாம், தாண்டாவிட்டால் இன்னும் சோதிக்க வேண்டும்.

எல்லை என்றால் என்ன? மருந்துக்கு எந்தப் பலனும் இல்லாத நிலையிலும், வெறும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வருவதற்கு 20-ல் ஒரு வாய்ப்புதான் உண்டு என்பதே அந்த எல்லை. இந்த 20-ல் ஒன்று என்ற அளவை வழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் ஃபிஷர் 1925-ல் எழுதிய புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆராய்ச்சியாளர்கள் கையில் வைத்துப் பார்த்துச் செய்யும்படி அட்டவணைகளோடு எழுதப்பட்ட புத்தகம் அது.

மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் அனோவா

இரண்டுக்கு மேல் ரகங்கள் இருந்தால்? ஐந்து ரகம் போட்டால் அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட 10 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக டி சோதனை செய்தால் ஒவ்வொன்றிலும் 20-ல் ஒரு பங்கு ஏமாறும் வாய்ப்பு இருக்கிறது. பத்தும் சேரும்போது எங்காவது ஓரிடத்தில் ஏமாறும் வாய்ப்பு பல மடங்காகிவிடும். பத்துப் பேர் நாணயம் சுண்டினால் யாராவது ஒருவருக்குத் தொடர்ந்து தலை விழத்தான் செய்யும். அவரைக் கைராசிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு ஃபிஷர் கொடுத்த விடைதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. சுருக்கமாக அனோவா என்பார்கள். ரோதம்ஸ்டெட்டில் 12 உருளைக்கிழங்கு ரகங்களை, தொழு உரம் போட்டும் போடாமலும், பொட்டாஷ் உரங்களை மாற்றியும் பயிரிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ரகமும் உரத்துக்கு வெவ்வேறு விதமாகப் பலன் தருகிறதா என்பது கேள்வி. ஃபிஷரும் உடன் பணிபுரிந்த வினிஃப்ரெட் மெக்கன்சியும் 1923-ல் அதற்கு விடை சொன்னார்கள். திடல்களுக்கு இடையே உள்ள மொத்த மாறுபாட்டை எடுத்து, ரகத்தால் வந்தது இவ்வளவு, உரத்தால் வந்தது இவ்வளவு, எந்தக் காரணமும் சொல்ல முடியாமல் மண்ணின் ஏற்றத்தாழ்வால் வந்தது இவ்வளவு என்று பங்கு பிரித்தார்கள். ரகங்கள் உரத்துக்கு வெவ்வேறாகப் பலன் தந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்பது முடிவு. ஒரு வீட்டுச் செலவை அரிசிக்கு இவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்கு இவ்வளவு, கணக்கில் வராதது இவ்வளவு என்று பிரிப்பது போலத்தான். கணக்கில் வராததைவிட ரகத்தின் பங்கு பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் ரகத்தை நம்பலாம்.

பல்கலைக்கழக அறிக்கைகளில் விளைச்சல் அட்டவணைக்குக் கீழே சி.டி. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அனோவாவிலிருந்து வரும் எண் அது. இரண்டு ரகங்களின் வேறுபாடு அந்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால், ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. சி.டி. ஏக்கருக்கு 150 கிலோ என்று போட்டிருக்கும்போது, 80 கிலோ கூடுதல் விளைச்சல் என்று ஒருவர் விதை விற்க வந்தால், அந்த 80 கிலோவுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

வயலில் மூன்று விதிகள்

கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் திடல் தவறாக இருந்தால் பயனில்லை. இதை ஃபிஷர் 1926-ல் ஒரு கட்டுரையாகவும், 1935-ல் தனிப் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொன்ன மூன்று விதிகளை நம் வழக்கில் சொல்கிறேன்.

முதல் விதி, ஒன்றைப் பல முறை செய்ய வேண்டும். ஒரே ஒரு பாத்தியில் கிடைத்த பலன் பலன் ஆகாது. பலமுறை செய்தால்தான் மண்ணின் ஆட்டம் எவ்வளவு என்று அளக்கவே முடியும்.

இரண்டாவது விதி, எந்தப் பாத்திக்கு எது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. சீட்டு குலுக்கித்தான் எடுக்க வேண்டும். நாமாக முடிவு செய்தால் நம்மை அறியாமலே நல்ல இடத்தைப் புதிய ரகத்துக்குக் கொடுத்துவிடுவோம். இந்த விதியில் நண்பர் காசெட்டே ஃபிஷரோடு ஒத்துப்போகவில்லை. ஒழுங்காக மாற்றி மாற்றி அமைப்பதே துல்லியம் என்று அவர் கருதினார். உலகெங்கும் ஆராய்ச்சி நிலையங்களில் நிலைத்தது ஃபிஷரின் சீட்டுதான்.

மூன்றாவது விதி, ஒத்த நிலத்தை ஒரே தொகுதியாகப் பிரிக்க வேண்டும். மடைக்குப் பக்கத்தில் ஒரு தொகுதி, வயலின் நடுவில் ஒன்று, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் ஒன்று. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா ரகமும் இருக்க வேண்டும். அப்போதுதான் மடைப் பக்கத்துப் பயிரை மடைப் பக்கத்துப் பயிரோடு ஒப்பிடுவோம்.

என் செயல்விளக்கத் திடலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பல முறை செய்யவில்லை, சீட்டு எடுக்கவில்லை, கிடை போட்ட நிலத்தைப் பிரிக்கவில்லை.

எண்ணிக்கைக்குக் கை வர்க்கச் சோதனை

எல்லாவற்றையும் கிலோவில் அளக்க முடியாது. நூறு விதையில் எத்தனை முளைத்தது, ஐம்பது கன்றில் எத்தனை வாடியது என்று எண்ணத்தான் முடியும். இதற்கு டி சோதனை பொருந்தாது. கார்ல் பியர்சன் 1900-ல் கொடுத்த கை வர்க்கச் சோதனை இதற்கு உரியது. அந்தக் கணக்கில் பியர்சன் ஓரிடத்தில் தவறு செய்திருப்பதை ஃபிஷர் 1922-ல் திருத்திக் காட்டினார். பியர்சன் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் இருந்த பகை கடைசிவரை தீரவில்லை.

விதை நேர்த்தி செய்ததில் 90 சதவீதம் முளைத்தது, செய்யாததில் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 விதைக்கு 18, இன்னொரு 20 விதைக்கு 16 என்றால் கை வர்க்க மதிப்பு 0.78 மட்டுமே. எல்லை 3.84. அதனால் நம்ப முடியாது. அதுவே 200 விதைக்கு 180, இன்னொரு 200 விதைக்கு 160 என்றால் மதிப்பு 7.84. இப்போது நம்பலாம். சதவீதம் ஒன்றுதான், எண்ணிய விதைகள்தான் வேறு. யாராவது சதவீதம் சொன்னால் எத்தனையில் என்று கேளுங்கள்.

எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் ஃபிஷரின் துல்லியச் சோதனை என்று ஒன்று உண்டு. அதன் பின்னணியில் ஒரு தேநீர்க் கதை இருக்கிறது. ரோதம்ஸ்டெட்டில் பாசி வகைகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்ல முடியும் என்றாராம். எட்டுக் கோப்பை வைத்தார்கள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசை தெரியாமல் கலைத்துக் கொடுத்தார்கள். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். அம்மையார் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னதாகச் சொல்வார்கள். இந்தச் சோதனை முறையைத்தான் ஃபிஷர் தன் 1935 புத்தகத்தில் முதல் பாடமாக விளக்கினார்.

இரண்டு அளவுகள் சேர்ந்து போனால்

மழை எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு? தழைச்சத்து எத்தனை கிலோ, நெல் எத்தனை மூட்டை? இப்படி ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒட்டுறவு, தொடர்புப்போக்கு என்ற கணக்குகள் இருக்கின்றன. பருவத்துக்குப் பருவம் பெய்யும் மழை ரோதம்ஸ்டெட் கோதுமை விளைச்சலை எப்படி மாற்றுகிறது என்று ஃபிஷர் 1924-ல் இப்படித்தான் கணக்கிட்டார்.

இரண்டு சேர்ந்து போவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. டிராக்டர் வைத்திருப்பவர் வயலில் விளைச்சல் அதிகம் என்றால், டிராக்டராலா, அவரிடம் உள்ள பணத்தாலா, கிணற்றாலா என்று பார்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் இருந்தால்தான் காரணம் என்று துணிந்து சொல்ல முடியும். இதை உலகுக்குத் தெளிவாகச் சொன்னவர் ஃபிஷர்தான். அதே விஷயத்தில்தான் அவர் சறுக்கவும் செய்தார்.

புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதை 1950 முதல் மருத்துவ ஆய்வுகள் எடுத்துக்காட்டின. ஃபிஷர் அதை எதிர்த்து எழுதினார். பரம்பரைக் குணம் ஒன்றே புகைக்கும் ஆசைக்கும் நோய்க்கும் சேர்ந்து காரணமாக இருக்கலாம் என்று வாதாடினார். கேள்வி கேட்டதில் தவறில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு ஆதாரம் சேர்ந்துகொண்டே வந்தபோதும் அவர் பிடிவாதத்தை விடவில்லை. அவரே புகைக்குழாய் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார். முடிவில் அவர் சொன்னது தவறாகப் போனது.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. மனிதரில் உயர்ந்த பரம்பரை, தாழ்ந்த பரம்பரை என்று பிரிக்கும் யூஜெனிக்ஸ் கொள்கையை அவர் ஆதரித்தார். அந்தக் காரணத்தாலேயே அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரி, அவர் நினைவாக வைத்திருந்த கண்ணாடிச் சன்னலை அகற்ற 2020-ல் முடிவு செய்தது. வயலில் அவர் வகுத்த விதி சரியானது என்பதற்காக அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. யார் சொன்னார் என்று பார்க்காமல் ஆதாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் விதியிலேயே அடங்கியதுதான்.

இந்தியாவும் கடைசிக் காலமும்

ஃபிஷர் 1933 வரை ரோதம்ஸ்டெட்டில் இருந்தார். பிறகு லண்டனிலும், 1943 முதல் கேம்பிரிட்ஜிலும் பேராசிரியராக இருந்தார். அதே 1943-ல் மூத்த மகன் உலகப் போரில் இறந்துபோனார். 1952-ல் சர் பட்டம் கிடைத்தது.

நம் நாட்டோடும் அவருக்கு உறவு உண்டு. கொல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு அவர் வந்தார். 1938 ஜனவரியில் அங்கே நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். பின்னரும் பலமுறை வந்தார்.

ஓய்வுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியேறினார். 1962 ஜூலை 29 அன்று, 72-ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

உங்கள் வயலில் எந்தக் கணக்கு?

எந்தச் சோதனை என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. நினைவில் வைக்க இதோ:

1. இரண்டு பொருள், அளந்த விளைச்சல், அடுத்தடுத்த ஜோடிப் பாத்திகள் என்றால் ஜோடி டி சோதனை. ஜோடி இல்லாமல் இரண்டு தனிக் கூட்டமாக இருந்தால் அதற்குரிய டி சோதனை.

2. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ரகமோ உரமோ என்றால் அனோவா. பிறகு சி.டி. பார்த்து ஒப்பிட வேண்டும்.

3. முளைத்தது, முளைக்காதது, நோய் கண்டது, காணாதது என்று எண்ணினால் கை வர்க்கச் சோதனை. எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் ஃபிஷரின் துல்லியச் சோதனை.

4. உர அளவும் விளைச்சலும் போல இரண்டும் எண்களாக இருந்து ஒன்று மற்றதோடு மாறுகிறதா என்று கேட்டால் ஒட்டுறவு, தொடர்புப்போக்கு.

5. நோய்த் தாக்குதலுக்கு 0 முதல் 9 வரை, சோற்றின் சுவைக்கு 1 முதல் 5 வரை என்று மதிப்பெண் போட்டிருந்தால், தர வரிசையை வைத்துச் செய்யும் சோதனைகள் தனியாக இருக்கின்றன. ஃபிஷரின் காலத்திலேயே வேறு சிலர் அவற்றை உருவாக்கினார்கள்.

கணக்கை நீங்களே போட வேண்டியதில்லை. எண்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் போட்டுத் தருவார்கள். ஆனால் திடலை நீங்கள்தான் அமைக்க வேண்டும். ஒரு புதிய இடுபொருளை முழு வயலுக்கும் வாங்குவதற்கு முன் இப்படிச் செய்யுங்கள்.

ஆறு ஜோடிப் பாத்திகள் எடுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு பாத்தியும் மடையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். கிடை போட்ட இடம், எருக்குழி இருந்த இடம், மரநிழல் விழும் இடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டி, எந்தப் பாத்திக்கு மருந்து என்று முடிவு செய்யுங்கள். நாணயம் சொன்னதை மாற்றாதீர்கள். மற்ற வேலை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக நடக்கட்டும். தண்ணீரும் மருந்தும் தாண்டாதபடி நடுவில் வரப்பு இருக்கட்டும். ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுப் பயிரை மட்டும் அறுத்து, பாத்தி வாரியாகக் காயவைத்துத் தனித்தனியே எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பிடிக்காத எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்த முறை யாராவது படம் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பாத்தியில் போட்டீர்கள்? எந்தப் பாத்திக்கு என்று யார் முடிவு செய்தார்? குறைந்த பாத்திகளின் கணக்கு எங்கே? பதில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். என்னைப் போன்ற பல்கலைக்கழகத்துக்காரர் செயல்விளக்கம் காட்ட வந்தாலும் இதையே கேளுங்கள். அந்த நான்கு ஏக்கர் உழவர் இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்டிருந்தால் அவர் பணம் அவர் கையிலேயே இருந்திருக்கும்.